ஒரே உடம்பில் இரண்டு கண்கள்: கொத்துத் தரவில் மதிப்பீடு ஏன் சாய்கிறது, எப்படி நிமிர்த்துவது

நீரிழிவால் விழித்திரை பழுதாகும் நிலையில் இருந்த 197 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் லேசர் சிகிச்சை. எந்தக் கண் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். இன்னொரு கண்ணை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கண்ணிலும் பார்வை எப்போது போகிறது என்று வருடக்கணக்கில் கவனித்தார்கள். அமெரிக்காவில் 1970களில் நடந்த டயாபெட்டிக் ரெட்டினோபதி ஆய்விலிருந்து எடுத்த இந்தத் தரவு இன்று ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளின் சர்வைவல் தொகுப்போடு சேர்ந்தே வருகிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். மொத்தம் 394 கண்கள். அதில் 155 கண்களில் பார்வை போனது பதிவாகியிருக்கிறது. மீதி 239 கண்களில் ஆய்வு முடியும்வரை, அல்லது நோயாளி தொடர்பில் இருந்தவரை, பார்வை போகவில்லை. இப்படிப் பாதியில் நின்றுபோன கால அளவைத்தான் சென்சார் ஆன தரவு என்கிறோம். திரைப்படத் தணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கதையின் முடிவு தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. நம்மிடம் 394 தகவல்கள் இருக்கின்றனவா, 197-தானா? இரண்டுமே சரியான பதில் இல்லை. ஒருவருடைய இரண்டு கண்களும் ஒரே ரத்தத்தில், ஒரே சர்க்கரை அளவில், ஒரே வயதில் வாழ்கின்றன. ஒரு கண் சீக்கிரம் கெட்டால் இன்னொன்றும் சீக்கிரம் கெட வாய்ப்பு அதிகம். ஆனால் இரண்டும் ஒன்றேயும் அல்ல. ஒரே மருத்துவமனையின் நோயாளிகள், ஒரே குடும்பத்தின் உறுப்பினர்கள், ஒரே ஈற்றில் பிறந்த எலிக்குட்டிகள், ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று எல்லாமே இந்த வகைதான். இதைக் கொத்துத் தரவு என்பார்கள்.

கொத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன கெடும் என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்வது திட்டப் பிழையை, அதாவது மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்று சொல்லும் எண்ணைத்தான்: தகவல் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும், அதனால் திட்டப் பிழை சின்னதாக வரும், பொய்யான துணிச்சல் வரும். பாதி உண்மை. மேலே சொன்ன கண் தரவில் அது தலைகீழாக நடக்கிறது. இத்தகைய கால அளவுகளுக்கு வழக்கமாகப் பயன்படும் சாதாரண காக்ஸ் மாடலில் (விவரம் கீழே) சிகிச்சையின் கெழு, அதாவது அதன் விளைவைச் சொல்லும் எண், சுமார் −0.78. குறை எண் என்றால் சிகிச்சை இடரைக் குறைக்கிறது. திட்டப் பிழை 0.17-க்குக் கிட்ட. நோயாளியைக் கொத்தாக எடுத்துக்கொண்டு சாண்ட்விச் முறையில் (கெழுவை அப்படியே விட்டு, திட்டப் பிழையை மட்டும் கொத்துக்கேற்பத் திருத்தும் முறை) கணக்கிட்டால் திட்டப் பிழை 0.15 ஆகக் குறைகிறது. காரணம் எளிது: சிகிச்சை ஒவ்வொரு நோயாளிக்குள்ளேயே ஒப்பிடப்படுகிறது, ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடு. சிகிச்சை கொத்துக்குக் கொத்து மாறியிருந்தால், உதாரணமாக ஒரு மருத்துவமனை முழுக்க ஒரு மருந்து, இன்னொன்றில் வேறு மருந்து என்றிருந்தால், எல்லோரும் பயப்படுகிற அந்தப் பொய்த் துணிச்சல் வந்திருக்கும்.

திட்டப் பிழையை இப்படிச் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறோம். ஆனால் அந்த −0.78 என்ற எண்ணை சாண்ட்விச் தொடவே இல்லை. ஒரு நோயாளியின் ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்பது நம் கேள்வி என்றால், அந்த எண்ணே சுருங்கிப்போன எண். கொத்தின் விளைவை மாடலுக்குள் சேர்த்ததும் கெழு பூஜ்யத்திலிருந்து இன்னும் விலகிப் போகிறது. மதிப்பீடு இப்படி உண்மையிலிருந்து ஒரே பக்கமாக விலகுவதைத்தான் சாய்வு என்கிறோம். இந்தச் சுருக்கம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

நலிவு என்னும் மறைந்த எண்

1972-இல் டேவிட் காக்ஸ் தந்த மாடலில் ஒருவருடைய இடர்வீதம் இரண்டு துண்டுகளின் பெருக்கல். எல்லோருக்கும் பொதுவாகக் காலத்தோடு மாறும் அடிப்படை இடர்வீதம் ஒன்று. அவரவர் வயது, சிகிச்சை போன்ற விளக்க மாறிகளால் வரும் மடங்கு இன்னொன்று. இடர்வீதம் என்பது, இதுவரை தாக்குப்பிடித்தவருக்கு அடுத்த கணத்தில் சம்பவம் நேரும் வேகம். 1979-இல் வோபெல், மான்டன், ஸ்டாலார்ட் மூவரும் மூன்றாவதாக ஒரு துண்டுக்குப் பெயர் வைத்தார்கள்: ஃப்ரெய்ல்ட்டி, தமிழில் நலிவு என்று சொல்லலாம். நாம் அளக்காத, அளக்க முடியாத காரணங்களால் சிலர் சராசரியைவிட நலிந்தவர்கள், சிலர் திடமானவர்கள். நலிவு 1 என்றால் சராசரி. 2 என்றால் இரண்டு மடங்கு வேகத்தில் இடர். டேவிட் கிளேட்டன் 1978-லேயே, குடும்பங்களில் நோய் சேர்ந்து வருவதை ஆராய்ந்தபோது, பெயர் வைக்காமல் இதே கணக்கைப் போட்டிருந்தார். கொத்துத் தரவில் ஒரு கொத்தின் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நலிவைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறோம். நலிவுகள் கொத்துக்குக் கொத்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை ஒற்றை எண் சொல்கிறது: நலிவின் பரவற்படி (வேரியன்ஸ்). இதைத் தீட்டா என்று எழுதுவது வழக்கம்.

நலிவை விட்டுவிட்டால் கெழு ஏன் சுருங்குகிறது? ஒரு சின்னக் கணக்கைக் கையாலேயே போட்டுவிடலாம். நலிவு காமா பரவலில் வருகிறது, சராசரி 1, தீட்டாவும் 1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குழுக்கள். ஒன்றில் இருப்பவருக்கு, ஒப்பீட்டுக் குழுவில் அதே நலிவுள்ளவரைவிட உண்மையில் இரண்டு மடங்கு இடர். தொடக்கத்தில் இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டால் விகிதம் 2 என்றே தெரியும். காலம் போகப்போக, இடர் அதிகமான குழுவில் நலிந்தவர்கள் வேகமாக உதிர்ந்துவிடுவார்கள். மிஞ்சியிருப்பவர்கள் திடமானவர்கள். இன்னொரு குழுவில் நலிந்தவர்கள் இன்னும் பலர் பாக்கி. இப்போது ஒப்பிடுவது சமமான ஆட்களை அல்ல. ஒப்பீட்டுக் குழுவில் சராசரி நலிவுள்ள ஒருவருக்குத் தொடக்கத்திலிருந்து அதுவரை சேர்ந்த இடர்வீதத்தின் மொத்தத்தைத் திரண்ட இடர் என்போம். காமா பரவலில் இதற்குக் கச்சிதமான சூத்திரம் உண்டு: கண்ணுக்குத் தெரியும் விகிதம் என்பது 2-ஐ (1 + திரண்ட இடர்) என்பதால் பெருக்கி (1 + 2 × திரண்ட இடர்) என்பதால் வகுத்தால் வருவது. ஒப்பீட்டுக் குழுவில் பாதிப்பேர் மிஞ்சியிருக்கும் நேரத்தில் திரண்ட இடர் 1. விகிதம் 4/3, அதாவது 1.33. அங்கே கால்பகுதி மட்டும் மிஞ்சும்போது திரண்ட இடர் 3. விகிதம் 8/7, அதாவது 1.14.

உண்மையான 2, கடைசியில் 1.14 ஆகத் தெரிகிறது. சிகிச்சை பற்றிய ஆய்வாக இருந்தால், மருந்தின் பலன் நாளாக நாளாகத் தேய்கிறது என்று ஒருவர் அறிக்கை எழுதியிருப்பார். மருந்து தேயவில்லை, ஒப்பிடும் ஆட்கள்தான் மாறிப்போனார்கள். குலுக்கல் முறையில் பிரித்ததும் இதைக் காப்பாற்றாது, ஏனென்றால் குலுக்கல் தொடக்க நாளில் மட்டும்தான் சமம் செய்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். 1.33 என்பது தப்பான எண் என்று நான் சொல்லவில்லை. மக்கள்தொகை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நேரத்தில் விகிதம் நிஜமாகவே 1.33-தான். ஒரு சுகாதாரத் துறை அதைத்தான் அறிய விரும்பலாம். அது வேறு கேள்விக்கான பதில். ஒரே நோயாளியிடம் இந்தக் கண்ணுக்குச் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று கேட்பவருக்கு 2-தான் பதில். எந்தக் கேள்வி நமது என்று முதலில் முடிவு செய்யாமல் சாய்வு, சாய்வு என்று அலறுவதில் அர்த்தமில்லை.

சரி, நலிவைச் சேர்த்தாயிற்று. தீர்ந்ததா?

தீரவில்லை. நலிவைச் சேர்த்தால் அதன் பரவற்படியையும் தரவிலிருந்தே மதிப்பிட வேண்டும். அந்த மதிப்பீடு வழக்கமாகக் குறைவாகவே வந்து விழுகிறது. தீட்டா 1 என்பது 0.5 என்று வந்தால், நலிவை அரைகுறையாகத்தான் கணக்கில் எடுத்திருக்கிறோம். அந்த அளவுக்கு சிகிச்சையின் கெழுவும் பழையபடி பூஜ்யத்தை நோக்கி இழுபடும். என் பார்வையில், இந்த மாடல்களில் கெழுவின் சாய்வைக் குறைப்பது என்பது பெரும்பாலும் தீட்டாவின் சாய்வைக் குறைப்பதுதான். கெழுவை நேரடியாகத் தட்டிக்கொட்டிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

தீட்டா ஏன் குறைகிறது என்று புரிய, உயிர்வாழ்வுத் தரவை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டு 1948-க்குப் போகலாம். நெய்மனும் எலிசபெத் ஸ்காட்டும் அந்த ஆண்டு ஒரு சிக்கலைக் காட்டினார்கள். ஒவ்வொரு பொருளையும் இரண்டு முறை அளக்கிறோம். பொருளுக்குப் பொருள் உண்மை அளவு வேறு, அளக்கும் கருவியின் பிழை மட்டும் ஒன்று. ஒரு பொருளுக்கு 4, 10 என்று வந்தது. உண்மை அளவு தெரியாததால் சராசரி 7-ஐ அந்த இடத்தில் வைக்கிறோம். விலகல்கள் மூன்று, மூன்று. வர்க்கங்களின் கூட்டல் 18. மேக்ஸிமம் லைக்லிஹுட் முறை (கிடைத்த தரவுக்கு மிக அதிக வாய்ப்பு தரும் எண்ணைத் தேர்வது) இதை 2-ஆல் வகுத்து 9 என்கிறது. சரியான எண் 18-ஐ 1-ஆல் வகுத்தால் வரும் 18. ஏன்? 7 என்பதை அந்த இரண்டு எண்களிலிருந்தே எடுத்ததால், அது அவற்றுக்கு நடுவில் வசதியாக உட்கார்ந்துகொள்கிறது. உண்மை அளவு எங்கோ தள்ளி இருந்திருக்கலாம். ஒரு ஜோடி என்றால் பரவாயில்லை. பத்தாயிரம் ஜோடி சேர்த்தாலும் பதில் பாதியாகவேதான் நிற்கும், ஏனென்றால் ஒவ்வொரு புது ஜோடியும் தன்னோடு தெரியாத ஒரு சராசரியையும் கூட்டி வருகிறது. தரவு கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது நல்ல அடி.

உயிர்வாழ்வுத் தரவிலும் அப்படியே. இரண்டிரண்டு பேர் கொண்ட கொத்துகள், வைபுல் பரவல், யாரும் சென்சார் ஆகவில்லை. ஒவ்வொரு கொத்துக்கும் தனித்தனி அளவுக்கெழு போட்டு மேக்ஸிமம் லைக்லிஹுட் கண்டால், பரவலின் வடிவக்கெழு உண்மையைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலாக வரும். வடிவக்கெழு கூடினால், ஒரு கொத்துக்குள் கால அளவுகள் உண்மையைவிட நெருக்கமாக இருப்பதாக மாடல் நம்புகிறது என்று பொருள். எத்தனை ஆயிரம் கொத்து சேர்த்தாலும் இது இறங்காது.

அதனால்தான் நலிவுகளைத் தனித்தனிக் கெழுக்களாக மதிப்பிடாமல், ஒரு பரவலிலிருந்து வந்த சமவாய்ப்பு விளைவுகளாக எடுத்துக்கொள்கிறோம். அப்போதும் பழைய பூதம் வேறு கதவு வழியாக வருகிறது. அதைக் கிட்டத்திலிருந்து பார்க்க இன்னொரு கணக்கு. காமா நலிவு, தீட்டா 1. ஒரு கொத்தில் இரண்டு பேர். அவர்கள் கவனிப்பில் இருந்த காலத்துக்கு, சராசரி ஆட்களாக இருந்திருந்தால் நாம் எதிர்பார்க்கும் சம்பவங்கள் 0.5. நடந்தது 2. நேரடியாக வகுத்தால் நலிவு 4. ஆனால் இரண்டே பேரை வைத்து 4 என்று சொல்வது அவசரம். மாடல் அதை 1-ஐ நோக்கி இழுத்து, (1 + 2) வகுத்தல் (1 + 0.5), அதாவது 2 என்கிறது. சம்பவமே நடக்காத இன்னொரு கொத்துக்கு, 0 என்பதற்குப் பதில் 1 வகுத்தல் 1.5, சுமார் 0.67. நியாயமான நிதானம்தான்.

இப்போது யாராவது இந்த 2, 0.67 போன்ற யூகங்களை வரிசையாக வைத்து, அவற்றின் பரவலையே தீட்டா என்று எடுத்தால்? யூகங்கள் எல்லாம் 1-ஐ நோக்கி இழுக்கப்பட்டவை. உண்மை நலிவுகளைவிட நெருக்கமாக நிற்பவை. அவற்றின் பரவல் குறைவாகத்தான் இருக்கும். விட்டுப்போனது எது? அந்த முதல் கொத்தின் நலிவு 2 என்று யூகித்தோமே, அந்த யூகத்தைச் சுற்றியுள்ள திட்ட விலக்கம் இதே சூத்திரங்களின்படி 1.15. அதாவது 2 என்பது 1-ஆகவும் இருக்கலாம், 3-ஆகவும் இருக்கலாம். தீட்டா என்பது யூகங்களின் பரவலையும், ஒவ்வொரு யூகத்திலும் மிச்சமிருக்கும் இந்த நிச்சயமின்மையின் சராசரியையும் கூட்டினால் வருவது. இரண்டாவது துண்டை மறந்தாலும் குறைத்துக் கணக்கிட்டாலும் தீட்டா சுருங்கிவிடும்.

காமா நலிவுக்கு இந்தக் கூட்டலைத் துல்லியமாகவே செய்யலாம், கணக்கு அவ்வளவு சாதுவானது. நலிவின் மடக்கை இயல்நிலைப் பரவலில் இருக்கிறது என்று எடுத்தால் (பல மட்டங்களில் கொத்து இருக்கும்போது இதுவே வசதி) நலிவின் எல்லா மதிப்புகளையும் சேர்த்துக் கூட்டும் தொகையீட்டை (இன்டக்ரல்) நேரடியாகப் போட முடியாது. அங்கே லாப்லாஸ் தோராயம் வருகிறது: ஒரு கொத்தின் நலிவைப் பற்றி நமக்குத் தெரிந்ததை ஒரு மணிவடிவ வளைகோடாக நினைத்து, உச்சியையும் அகலத்தையும் மட்டும் வைத்துக் கணக்கை முடிப்பது. பிரெஸ்லோவும் கிளேட்டனும் 1993-இல் பிரபலமாக்கிய பிக்யூஎல் (பெனலைஸ்டு குவாசி-லைக்லிஹுட்) முறையும், ரிப்பாட்டியும் பாம்கிரெனும் 2000-இல் காக்ஸ் மாடலுக்குக் கொண்டுவந்த தண்டனை சேர்த்த (வெகுவாக விலகும் நலிவுகளுக்கு அபராதம் போடும்) பகுதி லைக்லிஹுட் முறையும் இந்தத் தோராயத்தின்மேல் நிற்பவை. கொத்தில் சம்பவங்கள் நிறைய இருந்தால் வளைகோடு மணிவடிவத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இரண்டு கண், அதிலும் ஒன்று சென்சார் என்றால் வளைகோடு ஒருபக்கம் சரிந்து கிடக்கும். மணியின் அகலம் உண்மையைச் சொல்லாது. இங்கே எண்ண வேண்டியது கொத்தின் ஆட்களை அல்ல, கொத்தில் நடந்த சம்பவங்களை. ஐம்பது பேர் கொண்ட கொத்தில் ஒரே ஒரு சம்பவம் என்றால், அது இந்தக் கணக்குக்குக் குட்டிக் கொத்துதான்.

இங்கே இரண்டு சாய்வுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடைமுறையில் இதைப் போட்டுக் குழப்பாதவர்கள் குறைவு. ஒன்று தோராயத்தால் வருவது. கொத்தின் அளவு சின்னதாகவே இருக்கும்வரை, கொத்துகளின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் அது போகாது. இன்னொன்று, தோராயமே இல்லாமல் தொகையீட்டைத் துல்லியமாகப் போட்டாலும் கொத்துகள் குறைவாக இருக்கும்போது வருவது. சிகிச்சையின் கெழுவையும் அடிப்படை இடர்வீதத்தையும் இதே தரவிலிருந்து எடுத்துவிட்டு, அவை முன்பே தெரிந்தவை போல நடந்துகொள்வதன் விலை. காக்ஸ் மாடலில் இந்த விலை கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் அடிப்படை இடர்வீதம் ஒவ்வொரு சம்பவ நேரத்திலும் ஒரு படி ஏறுகிறது. நூறு சம்பவம் என்றால் நூறு படி. நல்ல வேளையாக இந்த இரண்டாவது சாய்வு கொத்துகள் பெருகப் பெருகக் கரைந்துவிடும். மருந்துகளும் அதற்கேற்ப வேறு வேறு.

மருந்துகள்

முதல் சாய்வுக்கு மருந்து தொகையீட்டை நன்றாகப் போடுவதுதான். கொத்துக்கு ஒரே நலிவு என்றால் தகவமைப்பு காஸ்–ஹெர்மைட் முறையில் (வளைகோட்டைத் தேர்ந்த சில புள்ளிகளில் மட்டும் அளந்து தொகையீட்டைப் போடுவது) பத்துப் பதினைந்து புள்ளிகளில் கணக்கை முடித்துவிடலாம். இன்றைய கணினிக்கு இது ஒன்றும் பாரமில்லை. மருத்துவமனை, அதற்குள் வார்டு, அதற்குள் நோயாளி என்று அடுக்கிக்கொண்டே போனால்தான் பாரம் ஏறும். அப்போது லாப்லாஸ் தோராயத்தின் இரண்டாம் படி (இன்னும் நுணுக்கமான திருத்தம்), அல்லது சமவாய்ப்பு எண்களை எடுத்து எடுத்துக் கணக்கிடும் மார்க்கோவ் சங்கிலி மான்டி கார்லோ முறை. பேயீசிய வழியில் போகிறவர்கள், கொத்துகள் குறைவாக இருக்கும்போது தீட்டாவுக்கு அவர்கள் தரவைப் பார்க்கும் முன்பே போட்ட முன்பரவலே பதிலைத் தீர்மானிக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பத்துக் கொத்து வைத்துக்கொண்டு முன்பரவல் எதையும் திணிக்கவில்லை என்று சொல்வதை நான் நம்புவதில்லை.

இரண்டாவது சாய்வுக்குப் பழைய மருந்து ஒன்று இருக்கிறது. 1971-இல் பேட்டர்சனும் தாம்சனும் சாதாரண நேர்கோட்டு மாடலுக்குத் தந்த ரெம்ல் முறை. நெய்மன்–ஸ்காட் கணக்கில் 2-க்குப் பதில் 1-ஆல் வகுத்தோமே, அதே எண்ணத்தின் பொது வடிவம்: சராசரிகளைக் கண்டுபிடிக்கச் செலவான தகவலைக் கழித்துவிட்டுப் பரவற்படியை மதிப்பிடு. காக்ஸ் மாடலில் சராசரி, விலகல் என்று சுத்தமாகப் பிரியாததால் இதை அப்படியே எடுக்க முடியாது. ஒப்பான ஒன்றைக் கட்ட வேண்டும். லீயும் நெல்டரும் 1996-இல் அறிமுகம் செய்த எச்-லைக்லிஹுட் எண்ணத்தை, ஹா, லீ, சாங் மூவரும் 2001-இல் நலிவு மாடலுக்குக் கொண்டுவந்தார்கள். நலிவுகளையும் கெழுக்களையும் ஒரே தட்டில் வைத்து மதிப்பிட்டுவிட்டு, தீட்டாவைக் காணும்போது மற்ற இரண்டின் நிச்சயமின்மைக்கும் சேர்த்து ஒரு திருத்தம் போடுவது அதன் சாரம். முதல் படித் திருத்தம் மட்டும் போட்டால், கொத்து சின்னதாகவும் சென்சார் அதிகமாகவும் இருக்கும் தரவில் சாய்வு மிச்சமிருக்கும். அதனால் அங்கேயும் இரண்டாம் படி தேவைப்படுகிறது. ஆர் மென்பொருளில் ஃப்ரெய்ல்ட்டிஹெச்எல், காக்ஸ்எம்ஈ, ஃப்ரெய்ல்ட்டிபேக் என்று தொகுப்புகள் இருக்கின்றன. ஒரே தரவை மூன்றிலும் போட்டுத் தீட்டா ஒன்றுபோல வருகிறதா என்று பார்ப்பது செலவில்லாத பரிசோதனை. ஒன்றுபோல வராவிட்டால் எது சரி என்று சண்டை போடுவதற்கு முன்னால், தரவில் தகவல் குறைவு என்பதுதான் முதல் செய்தி.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் கணிதம் கொஞ்சம், உழைப்பு கணினிக்கு. அந்தோனி குக் 1995-இல் சமவாய்ப்பு விளைவு மாடல்களுக்கு எழுதியது. நம் முறை சாய்கிறது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. சரி, அதன் சாய்வை நாமே அளந்துவிடுவோம். ஒரு கற்பனைக் கணக்கு: நம் தரவில் தீட்டா 0.40 என்று வந்தது. உண்மை 0.40-தான் என்று வைத்துக்கொண்டு, அதே கொத்து அளவுகள், அதே சென்சார் நிலவரத்தோடு ஆயிரம் போலித் தரவுகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் அதே முறையை ஓட்டுகிறோம். சராசரி 0.30 வந்தது. அப்படியானால் முறை 0.10 விழுங்குகிறது. 0.50-க்கு ஏற்றி மறுபடி ஓட்டுகிறோம். 0.38 வருகிறது, நமக்கு வேண்டியது 0.40. இன்னும் 0.02 ஏற்றி 0.52. இப்போது சராசரி 0.40. நின்றுகொள்ளலாம். எந்த உண்மை இருந்தால் என் சாய்ந்த தராசு நான் பார்த்த எண்ணைக் காட்டும் என்று தேடிப் போவதுதான் இது. தராசு எவ்வளவு கோணலாக இருந்தாலும், கோணல் ஒரே மாதிரி இருக்கும்வரை இந்த வித்தை பலிக்கும்.

இப்படிப் போலித் தரவுகளை உருவாக்கிப் பார்ப்பதைப் பூட்ஸ்டிராப் என்பார்கள். அதைச் செய்யும்போது ஒரு பொறி இருக்கிறது, நானும் அதில் விழுந்திருக்கிறேன். போலித் தரவை மாடலிலிருந்து உருவாக்காமல் அசல் தரவிலிருந்தே மறுபடி மறுபடி எடுப்பதாக இருந்தால், கொத்து கொத்தாகத்தான் எடுக்க வேண்டும். வரிசை வரிசையாக எடுத்தால் ஒருவருடைய இடக்கண் மூன்று முறை வரும், வலக்கண் வரவே வராது. ஜோடி உடைந்துபோகும். ஒரே கண்ணின் மூன்று பிரதிகள் கச்சிதமாக ஒத்துப்போவதால் இல்லாத உறவும் முளைக்கும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. எண்கள் அழகாகவே வரும்.

சம்பவங்கள் அரிதாக, எல்லாமே ஒரே பக்கத்தில் விழுந்துவிட்டால், அதாவது சிகிச்சை பெற்ற யாருக்குமே சம்பவம் நேராவிட்டால், கெழு முடிவிலியை நோக்கி ஓடும். அதற்கு ஃபர்த் 1993-இல் தந்த தண்டனை லைக்லிஹுட் உண்டு. ஹைன்சேயும் ஷெம்பரும் 2001-இல் அதைக் காக்ஸ் மாடலுக்குப் பொருத்திக் காட்டினார்கள். கொத்துத் தரவில் அது துணைக்கு வரும், ஆனால் தீட்டாவின் சிக்கலைத் தீர்க்காது.

இந்த மருந்துகளுக்கு எல்லாம் விலை உண்டு. மேலே சொன்ன கற்பனைக் கணக்கையே நீட்டினால்: திருத்தாத மதிப்பீட்டின் சாய்வு 0.10, திட்டப் பிழை 0.20 என்றால், சராசரி வர்க்கப் பிழை 0.01 + 0.04 = 0.05. திருத்தியபின் சாய்வு இல்லை, ஆனால் திட்டப் பிழை 0.26 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வர்க்கப் பிழை சுமார் 0.068. சாய்வை ஒழித்து, மொத்தப் பிழையைக் கூட்டியிருக்கிறோம்! தீட்டாவே நம் இலக்கு என்றால், கொத்துகள் குறைவான தரவில் கொஞ்சம் சாய்ந்த மதிப்பீட்டோடு வாழ்வதே புத்திசாலித்தனமாக இருக்கலாம். சிகிச்சையின் கெழு இலக்கு என்றால், தீட்டாவின் ஆட்டம் அதில் மங்கலாகத்தான் எதிரொலிக்கும். திருத்துவது பெரும்பாலும் லாபம். எது நம் இலக்கு என்று சொல்லாமல் திருத்தியதாக மட்டும் எழுதும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவதுண்டு.

எந்த வழிமுறையும் தொடாத சாய்வுகள்

இதுவரை பார்த்தவை மாடல் சரி, கணக்கு கோணல் என்ற வகை. மாடலே தவறு என்றால் கணக்கைத் துல்லியமாக்கி என்ன பயன்?

நலிவு மாடல் ஒரு விஷயத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது: கொத்தின் நலிவுக்கும் விளக்க மாறிகளுக்கும் தொடர்பில்லை. கண் ஆய்வில் குலுக்கல் இருந்ததால் பிழைத்தோம். மருத்துவமனைத் தரவில் அப்படி இல்லை. மோசமான நிலையில் உள்ள நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனைதான் கடுமையான சிகிச்சையையும் அதிகம் பயன்படுத்தும். அங்கே நலிவும் சிகிச்சையும் கைகோத்து நிற்கின்றன. ஒரு வழி, ஒவ்வொரு கொத்துக்கும் தனி அடிப்படை இடர்வீதம் கொடுத்து அடுக்குப் பிரித்த காக்ஸ் மாடல். பகுதி லைக்லிஹுட் அந்த அடிப்படைகளைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவதால் நெய்மன்–ஸ்காட் பூதம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. விலை என்னவென்றால், ஜோடிக் கொத்தில் முதல் சம்பவம் நேரும்போது மற்றவரும் கவனிப்பில் இருந்தால்தான் அந்த ஜோடி பேசும், மற்ற ஜோடிகள் ஊமை. கொத்து முழுவதற்கும் பொதுவான மாறிகளைப் பற்றி எதுவுமே கேட்க முடியாது. இன்னொரு வழி, விளக்க மாறியை இரண்டாக உடைப்பது: கொத்தின் சராசரி ஒன்று, அந்தச் சராசரியிலிருந்து இவருடைய விலகல் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கெழு போட்டு, அவை வெகுவாக வேறுபட்டால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று பொருள். நான் எப்போதும் முதலில் இதைத்தான் ஓட்டிப் பார்ப்பேன்.

கொத்தின் அளவே செய்தி சொல்லும் தரவும் உண்டு. பல் மருத்துவத்தில் இது நன்கு தெரிந்த உதாரணம்: ஈறு நோய் முற்றியவருக்கு வாயில் பற்களே குறைவு. மீதிப் பற்களை எண்ணினால் ஆரோக்கியமான வாய்களின் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். ஹாஃப்மன், சென், வைன்பெர்க் மூவரும் 2001-இல் சொன்ன தீர்வு நேரடியானது. ஒவ்வொரு கொத்திலிருந்தும் ஒருவரைக் குலுக்கி எடு, மாடலை ஓட்டு, இதையே பல நூறு முறை செய்து சராசரி எடு. ஒவ்வொரு ஆளுக்கும் அவர் கொத்தின் அளவால் வகுத்த எடை கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பதில் வரும்.

தாமதமாக ஆய்வில் சேர்ந்தவர்கள் விஷயமும் இப்படித்தான். அதுவரை தாக்குப்பிடித்ததாலேயே அவர்கள் சராசரியைவிடத் திடமானவர்கள், அவர்களின் நலிவின் சராசரி 1 அல்ல. இதை மாடலிடம் சொல்லாவிட்டால் அது கண்டுபிடிக்கப் போவதில்லை.

கடைசியாக, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த தரவு. மெக்கில்கிறிஸ்டும் ஐஸ்பெட்டும் 1991-இல் வெளியிட்டது: எடுத்துச் செல்லக்கூடிய டயாலிசிஸ் கருவியைப் பயன்படுத்திய 38 சிறுநீரக நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் வடிகுழாய் செருகிய இடத்தில் தொற்று வரும்வரை ஆன நாட்கள், இரண்டு முறை. மொத்தம் 76 வரிகள், அதில் 58 தொற்று, 18 சென்சார். நலிவு மாடல் என்றாலே பாடநூல்களில் இந்தத் தரவு வந்துவிடும். தீட்டாவை எப்படி மதிப்பிடுவது, எந்தத் திருத்தம் மேல் என்று இதே 76 வரிகளை வைத்துப் பல கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

அந்த 38 பேரில் 21-ஆம் எண் நோயாளி ஓர் ஆண். தொற்று வரும்வரை அவருக்கு ஆன நாட்கள் 152, 562. மற்ற ஆண்களுக்குப் பெரும்பாலும் சீக்கிரமே வந்துவிட்டது. ஆர் மென்பொருளில் இந்தத் தரவின் விளக்கப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: இந்த ஒருவரை நீக்கிவிட்டால், நோயாளிக்கு நோயாளி நலிவு மாறுகிறது என்பதற்கான ஆதாரமே மிஞ்சாது. லாப்லாஸா, ரெம்லா, எச்-லைக்லிஹுடா, எந்தப் படி என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும், தீட்டாவைப் பூஜ்யத்திலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அவருடைய இரண்டு வரிகள்தான்.